வீட்டு நில அதிர்வுமானியின் ஸ்பிரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் எங்கள் வீட்டுக் கீழறையில் ஒரு செங்குத்து நில அதிர்வுமானி ஓடிக்கொண்டிருக்கிறது. இரும்புச் சட்டம், பித்தளைக் குண்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் முதலில் கணினித் திரையில் ஓடும் கோட்டைப் பார்ப்பார்கள். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்து ஸ்பிரிங்கைப் பற்றித்தான் கேட்பார்கள். பள்ளிப் பிள்ளைகள், அறிவியல் ஆசிரியர்கள், ஊட்டியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் கேட்டதை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு கருவி செய்து பார்க்க நினைக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

நில அதிர்வுமானிக்கு ஸ்பிரிங் எதற்கு? கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் போதாதா?

பக்கவாட்டு அசைவை அளக்க அது போதும். தரை அசையும்போது தொங்கும் கல் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கல்லுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மாறுவதை அளந்தால் வேலை முடிந்தது.

மேலும் கீழுமான அசைவுக்கு இது பலிக்காது. தரை ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் கயிறு கல்லையும் ஒரு மில்லிமீட்டர் உயர்த்திவிடும். அளக்க இடைவெளியே இருக்காது. கல்லின் எடையைத் தாங்கவும் வேண்டும், தரையின் அசைவைக் கல்லுக்குக் கடத்தாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யத்தான் ஸ்பிரிங். பாடப் புத்தகத்தில் சுருள்வில் என்று படித்திருப்பீர்கள்.

அப்படியானால் ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்பிரிங் வாங்கிக் குண்டைத் தொங்கவிட்டால் ஆகாதா?

ஒரு விநாடி அலைவு நேரத்துக்கு, அதாவது குண்டு ஒருமுறை மேலும் கீழும் ஆடி வர ஆகும் நேரத்துக்கு, ஆகும். அதற்கு மேல் போனால் இடம் போதாது.

குண்டைத் தொங்கவிட்டதும் ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ, அந்த நீட்சிதான் அலைவு நேரத்தை முடிவு செய்கிறது. குண்டு கனமா லேசா என்பது தனிக் கணக்கே இல்லை. 25 செ.மீ. நீண்டால் ஒரு விநாடி. 2 விநாடி வேண்டுமானால் ஒரு மீட்டர் நீள வேண்டும். நேரம் இரட்டித்தால் நீட்சி நான்கு மடங்கு. 10 விநாடிக்கு 25 மீட்டர், வளர்ந்த யூகலிப்டஸ் மரம் ஒன்றின் உயரம். 20 விநாடிக்கு 100 மீட்டர். நம் கொடைக்கானல் தூண் பாறைகள் 400 அடி என்பார்கள், அதாவது 122 மீட்டர். 20 விநாடிக் கருவியை நேராகத் தொங்கவிட அவற்றின் உச்சிதான் தோதுப்படும்.

20 விநாடி எதற்கு? ஒரு விநாடியே போதாதா?

எந்த நிலநடுக்கத்தைப் பிடிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அருகில் வரும் சிறு அதிர்வுகள் வேகமானவை, ஒரு விநாடிக் கருவியிலேயே நன்றாக விழும். தூரத்துப் பெரிய நிலநடுக்கத்தில் வேகமான அலைகள் வழியிலேயே தேய்ந்துபோகும். வந்து சேருவதில் பெரியவை 20 விநாடியை ஒட்டிய மேற்பரப்பு அலைகள்.

2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6:28 மணி கடந்து தொடங்கியது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலையிலிருந்து அந்த இடம் சுமார் 2,180 கி.மீ. முதல் அலை நம் பாறைக்கு வர நாலரை நிமிடம்போல ஆகும். இரண்டாம் வகை அலை எட்டு நிமிடத்தை ஒட்டி வரும். அதன் பின்தான் நீளமான, மெதுவான மேற்பரப்பு அலைகள் உருண்டு வரும். ஒரு விநாடிக் கருவி முதல் அலையைக் காட்டிவிட்டு, பின்னால் வரும் பெரியவற்றில் பெரும்பகுதியை விட்டுவிடும்.

நம் பக்கம் நிலநடுக்கமே வராதே?

1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பக்கம் ரிக்டர் 6-ஐ ஒட்டிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. ஆனால் வீட்டுக் கருவிக்கு உள்ளூர் நிலநடுக்கம் தேவையே இல்லை. உலகில் எங்கே பெரிதாக நடந்தாலும் இங்கே பதிவாகும்.

பூஜ்ய நீள ஸ்பிரிங் என்கிறார்களே, நீளமே இல்லாத ஸ்பிரிங்கா?

கையில் எடுத்தால் நீளம் இருக்கும். பூஜ்யம் என்பது கணக்கில் வருவது.

சாதாரண ஸ்பிரிங் 10 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். அதை 20 செ.மீ. ஆக்கினால், கூடுதலான 10 செ.மீ.க்கு ஏற்பத்தான் அது இழுக்கும். பூஜ்ய நீள ஸ்பிரிங் அப்படியில்லை. 20 செ.மீ. ஆக்கினால் முழு 20 செ.மீ.க்கும் ஏற்ப இழுக்கும். நீளமும் இழுவிசையும் நேர் விகிதம். நீளத்தையும் விசையையும் வரைபடமாகப் போட்டு, கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது மூலைப் புள்ளியில் போய் முட்டும். விசை பூஜ்யமானால் நீளமும் பூஜ்யம் என்று கோடு சொல்கிறது. நிஜத்தில் அந்த இடத்துக்குப் போக முடியாது, அதற்கு முன்பே வளையங்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும்.

முட்டி நிற்கிற அந்த நிலையிலும் வளையங்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே இருக்கும்படி சுற்றுவதில்தான் சூட்சுமம். கம்பியைச் சுற்றும்போதே உள்ளுக்குள் ஒரு முறுக்கை ஏற்றிவிட்டால், ஸ்பிரிங் திறக்கத் தொடங்கவே ஒரு குறிப்பிட்ட விசை தேவைப்படும். இதைத்தான் ஆரம்ப இழுவிசை என்கிறோம்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லூசியன் லக்கோஸ்ட், தன் ஆசிரியர் ஆர்னால்ட் ராம்பெர்க்குடன் வேலை செய்தபோது 1932-ல் இதைக் கண்டுபிடித்தார். நீண்ட அலைவு நேரம் கொண்ட செங்குத்து நில அதிர்வுமானிக்காகத்தான் அவர் யோசித்தார். இதே ஸ்பிரிங் பின்னால் ஈர்ப்பு விசையை நுணுக்கமாக அளக்கும் கருவிகளுக்கும் போய், இருவர் பெயராலும் உலகெங்கும் புழங்கியது.

நம் ஊர்ச் சூரிய ஆய்வகத்திலும் இது இருந்ததா?

இருந்தது. ஆய்வகம் 1899-ல் இங்கே தொடங்கியது. முதலில் வைத்தது மில்ன் வகைக் கருவி, அது கிடைமட்ட ஊசல், ஸ்பிரிங் தேவையில்லாதது. 1960-களில் உலகம் முழுக்க ஒரே மாதிரிக் கருவிகளைக் கொண்டு ஒரு நில அதிர்வு வலையமைப்பு உருவானது. கொடைக்கானலும் அதில் ஒரு நிலையமாக இருந்தது. அந்த வலையமைப்பின் நீண்ட அலைவு நேரச் செங்குத்துக் கருவிகள் லக்கோஸ்ட் முறையில் தொங்கியவை. நாம் வீட்டில் செய்வது அதே குடும்பத்துக் கருவிதான். எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு.

சரி, ஒரு அடி உயரப் பெட்டிக்குள் 25 மீட்டர் ஸ்பிரிங்கின் வேலை எப்படி நடக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். ஒரு தாளில் வரைந்துகொண்டே படியுங்கள்.

ஒரு தூண். தூணின் அடியில் ஒரு கீல். கீலிலிருந்து கிடைமட்டமாக ஒரு கை நீள்கிறது. கை நுனியில் குண்டு. கீலுக்கு நேர் மேலே தூணில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கியிலிருந்து கைக்குச் சாய்வாக ஸ்பிரிங் வருகிறது. தூண், கை, ஸ்பிரிங் மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம்.

கையைக் கொஞ்சம் கீழே அழுத்துங்கள். ஸ்பிரிங் நீள்கிறது, இழுவிசை கூடுகிறது. ஆனால் அதே நேரத்தில் ஸ்பிரிங் இன்னும் செங்குத்தாகி, கீலை நோக்கி நெருங்குகிறது. கீலுக்கும் ஸ்பிரிங் கோட்டுக்கும் நடுவிலுள்ள செங்குத்துத் தூரம் குறைகிறது. கிணற்று ஏற்றத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், மிதிக்கும் இடம் அச்சுக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவுக்குப் பலம் குறையும். இங்கேயும் அதேதான். ஒரு பக்கம் விசை கூடுகிறது, இன்னொரு பக்கம் நெம்பும் தூரம் குறைகிறது.

பூஜ்ய நீள ஸ்பிரிங்கில் இந்த இரண்டும் கச்சிதமாகச் சரிக்குச் சரியாகிவிடும். நீளம் நூற்றில் ஒரு பங்கு கூடினால் விசையும் நூற்றில் ஒரு பங்கு கூடும், தூரம் நூற்றில் ஒரு பங்கு குறையும். பெருக்கினால் கிடைக்கும் திருப்புவிசை, அதாவது கையைத் திருப்பும் பலம், பழையபடியே இருக்கும். எந்த நிலையில் விட்டாலும் குண்டு அப்படியே நிற்கும், மேலேயும் போகாது கீழேயும் வராது. எடையே இல்லாததுபோல.

கணக்கு பிடித்தவர்களுக்கு: முக்கோணத்தின் பரப்பை இரண்டு விதமாக எழுதுங்கள். தூணின் உயரத்தையும் கையின் கிடைமட்ட வீச்சையும் பெருக்கிப் பாதி. ஸ்பிரிங்கின் நீளத்தையும் கீலிலிருந்து அதற்குள்ள தூரத்தையும் பெருக்கிப் பாதி. இரண்டும் ஒரே பரப்பு. விசை நீளத்துக்கு நேர் விகிதம் என்பதால், ஸ்பிரிங்கின் திருப்புவிசை கையின் கிடைமட்ட வீச்சுக்கு நேர் விகிதமாகிவிடுகிறது. குண்டின் எடை தரும் திருப்புவிசையும் அந்த வீச்சுக்கே நேர் விகிதம். கை எந்தக் கோணத்தில் இருந்தாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாங்களே போட்டுவிடுகிறார்கள்.

எங்கே விட்டாலும் நின்றால் அது ஆடாதே? அலைவு நேரம் எப்படி வரும்?

மேல் கொக்கியைக் கீலுக்கு நேர் மேலே வைக்காமல், குண்டு இருக்கும் பக்கமாக முன்னால் சற்றுத் தள்ள வேண்டும். அந்தச் சிறு சாய்வு திரும்பி வரும் விசையைத் தரும்.

எவ்வளவு சிறிது என்பதுதான் ஆச்சரியம். கொக்கி கீலுக்கு 30 செ.மீ. மேலே, குண்டு கீலிலிருந்து 30 செ.மீ. தள்ளி என்று வைத்துக்கொண்டால், 5 விநாடிக்குக் கொக்கி 14.5 மி.மீ. முன்னால் இருக்க வேண்டும். 10 விநாடிக்கு 3.6 மி.மீ. 20 விநாடிக்கு 0.9 மி.மீ. தான். கொக்கி பின்னால் போய்விட்டால் கை ஒரு பக்கமாகச் சரிந்து தடுப்பில் விழுந்துவிடும்.

அதனால் கொக்கியை நேராகத் தூணில் வெல்டிங் வைக்காதீர்கள். நெருக்கமான மரை உள்ள ஒரு திருகாணியில் வையுங்கள். தூண் கனமாக இருக்கட்டும். அது அரை மில்லிமீட்டர் வளைந்தாலே 20 விநாடிக் கணக்கு கெட்டுப்போகும். முதல் கருவிக்கு 5 முதல் 8 விநாடி வரை குறி வைத்தால் நிம்மதியாக இருக்கும்.

பூஜ்ய நீள ஸ்பிரிங் கடையில் கிடைக்குமா?

அந்தப் பெயரில் கேட்டால் கிடைக்காது. வளையங்கள் நெருங்கி ஒட்டியிருக்கிற இழுவை ஸ்பிரிங் எதுவும் அதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும். எவ்வளவு கிட்டத்தில் என்று அளந்துதான் பார்க்க வேண்டும். அளக்காமல் வாங்கி மாட்டிவிட்டு, பிறகு சட்டத்தை வெட்டி ஒட்டிக் கஷ்டப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து முதலில் அளந்துவிடுங்கள்.

அளப்பது சுலபம். ஸ்பிரிங்கை ஆணியில் மாட்டி, கீழே ஒரு வாளியைத் தொங்கவிடுங்கள். வாளியின் எடையைத் தெரிந்துகொண்டு, அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஒவ்வொரு அரை லிட்டருக்கும் மேல் கொக்கியின் உள்விளிம்பிலிருந்து கீழ்க் கொக்கியின் உள்விளிம்பு வரை மொத்த நீளத்தைக் குறியுங்கள்.

என்னிடமுள்ள ஒரு ஸ்பிரிங்கின் கணக்கு இது: 1.5 கிலோவில் 20.2 செ.மீ., 2 கிலோவில் 25.8, 2.5 கிலோவில் 31.4. அரைக் கிலோவுக்கு 5.6 செ.மீ. நீள்கிறது. அப்படியென்றால் 1.5 கிலோவுக்கு 16.8 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். 20.2-லிருந்து 16.8-ஐக் கழித்தால் 3.4 செ.மீ. மீதி. வரைபடக் கோட்டின்படி விசை பூஜ்யமாகும் இந்த நீளத்தைத்தான் அந்த ஸ்பிரிங்கின் உண்மை நீளம் என்கிறேன். பூஜ்யம் இல்லை, ஆனால் மோசமும் இல்லை.

3.4 செ.மீ. மீதி இருந்தால் அது வீணா?

வீணே இல்லை. அந்த ஸ்பிரிங்கைத்தான் நான் இன்றும் வைத்திருக்கிறேன். தூணில் 22 செ.மீ., கையிலும் 22 செ.மீ. தள்ளி மாட்டி, 30 செ.மீ. தூரத்தில் 1.3 கிலோ குண்டு வைத்தால் கை கிடைமட்டமாக நிற்கும். கொக்கியைக் கீலுக்கு நேர் மேலேயே வைத்தாலும் நாலரை விநாடி வருகிறது. உண்மை நீளம் இருப்பதால் விசை கூடுவது கொஞ்சம் மிஞ்சுகிறது, அந்த மிச்சம்தான் திரும்பும் விசை. இன்னும் நீட்ட வேண்டுமானால் கொக்கியைப் பின்னால் தள்ள வேண்டும். ஒரு செ.மீ. தள்ளினால் பத்து விநாடியை ஒட்டி வரும்.

பூஜ்ய நீள ஸ்பிரிங்குக்கு இருக்கிற நேர்த்தி, அதாவது கை பெரிதாக ஆடினாலும் அலைவு நேரம் மாறாத குணம், இதில் முழுசாக வராது. நிலநடுக்கத்தில் குண்டு நகர்வது பெரும்பாலும் ஒரு மி.மீ.க்கும் கீழே என்பதால் நமக்கு அது பெரிய இழப்பில்லை.

கழித்துப் பார்த்ததில் விடை எதிர்மறையாக வந்தால் இன்னும் சுலபம். அந்த அளவுக்கு ஒரு கம்பித் துண்டை ஸ்பிரிங்கோடு சேர்த்து மாட்டுங்கள். ஸ்பிரிங்கும் கம்பியும் சேர்ந்து ஒரு பூஜ்ய நீள ஸ்பிரிங் ஆகிவிடும்.

நீளமான ஸ்பிரிங்கை வெட்டிக்கொள்ளலாமா?

தாராளமாக. பாதியாக வெட்டினால் விறைப்பு, அதாவது ஒரு செ.மீ. நீட்டத் தேவையான விசை, இரண்டு மடங்காகும், மூடிய நீளம் பாதியாகும், ஆரம்ப இழுவிசை மாறாது. பூஜ்ய நீளத் தன்மை கெடாது. கொக்கிகள்தான் நீளத்தைக் கூட்டிவிடும், அதனால் அவற்றைச் சிறியதாக வையுங்கள்.

பட்டறையில் சொல்லிச் சுற்றிக்கொள்ள முடியுமா?

முடியும். கோவையில் லேத்தில் ஸ்பிரிங் சுற்றித் தரும் பட்டறைகள் உண்டு. ஆனால் என்ன வேண்டும் என்று எண்ணாகச் சொல்ல வேண்டும். நான் முதல் முறை ஒரு பட்டறையில் இழுவை ஸ்பிரிங் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் நல்ல கம்பியில் அழகாகச் சுற்றி, வழக்கப்படி சூடுபடுத்தியும் கொடுத்தார்கள். வீட்டில் அளந்தால் உண்மை நீளம் 7 செ.மீ. சூடுபடுத்தும்போது உள்முறுக்கில் ஒரு பகுதி தளர்ந்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சூடு வேண்டாம் என்றும் சொல்லக்கூடாது. சூடுபடுத்தாத ஸ்பிரிங் மாதக்கணக்கில் தொய்ந்துகொண்டே இருக்கும். தேவையைவிடக் கூடுதல் ஆரம்ப இழுவிசையோடு சுற்றச் சொல்லி, அப்புறம் சூடுபடுத்தச் சொல்லுங்கள். பியானோ கம்பிக்கு 230 டிகிரியை ஒட்டி அரை மணி நேரம் போதும்.

கம்பியின் தடிமனும் சுருளின் விட்டமும் முக்கியம். விட்டம் தடிமனைப்போல 16 முதல் 20 மடங்கு இருந்தால் பூஜ்ய நீளத்துக்குத் தேவையான முறுக்கை ஏற்ற முடியும். எட்டு மடங்கு, பத்து மடங்கு என்று தடித்த கம்பியில் சிறு சுருளாகச் சுற்றினால் அவ்வளவு முறுக்கைக் கம்பி தாங்காது. அப்புறம், 1.6 மி.மீ. கம்பி இல்லை, 1.5 போடட்டுமா என்று கேட்பார்கள். சுருளின் விட்டமும் சுற்றுகளும் மாறாவிட்டால் விறைப்பு கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். விறைப்பு தடிமனின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறுகிறது.

ஸ்லிங்கி என்ற சுருள் பொம்மையில் செய்யலாமா?

பள்ளிக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. உலோக ஸ்லிங்கியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் நாளுக்கு நாள் தொய்யும். சில வளையங்களை மட்டும் வைத்துக்கொண்டு நேராகத் தொங்கவிட்டு, அடியில் காந்தங்களும் அவற்றைச் சுற்றி ஒரு கம்பிச்சுருளும். ஒரு விநாடியை ஒட்டிய கருவி கிடைத்துவிடும். உயரமான கண்ணாடிக் குழாயிலோ அக்ரிலிக் குழாயிலோ மூடி வையுங்கள், இல்லாவிட்டால் மூச்சுக்காற்றுக்கே ஆடும்.

பட்டை ஸ்பிரிங் எப்படி?

வளைந்த எஃகுப் பட்டை ஒன்றால் கையைத் தாங்கும் முறை அது. ஆய்வு நிலையங்களில் பெயர்பெற்ற எஸ்டிஎஸ்-1 கருவி இந்த வகைதான். பட்டையின் வளைவே முக்கோணத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. வீட்டில் செய்யலாம், ஆனால் சரியான தடிமனும் நீளமும் கிடைக்கும்வரை பொறுமை வேண்டும்.

எண்ணெய் தேடும் வேலைகளில் புழங்கும் ஜியோபோன் என்ற சிறு அதிர்வுணரிக்குள்ளும் தட்டையான சிறு ஸ்பிரிங்தான். விநாடிக்கு 4.5 அலைவு உள்ள ஜியோபோனில் நீட்சி 1.2 செ.மீ.தான். அந்த நீட்சியை முன்கூட்டியே வளைத்துச் செய்திருப்பார்கள், நிமிர்த்தி வைத்தால் பட்டை சமமாகிவிடும். செங்குத்துக்கு வாங்கியதைப் படுக்கவைத்தால் வேலை செய்யாமல் போவதற்கு இதுதான் காரணம்.

கை தினமும் மதியம் இறங்குகிறது, விடிகாலையில் மேலே முட்டி நிற்கிறது. ஏன்?

மலையில் கருவி வைப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்துக்கு வந்தே தீர வேண்டும். வெப்பநிலைதான் காரணம்.

எஃகு சூடானால் கொஞ்சம் இளகும். ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் இரண்டரைப் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். காதில் விழுந்தால் ஒன்றுமில்லாத அளவு. ஆனால் நாம் 25 மீட்டர் ஸ்பிரிங்கைப் பெட்டிக்குள் மடக்கி வைத்திருக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். 25 மீட்டரில் பத்தாயிரத்தில் இரண்டரைப் பங்கு என்றால் 6 மி.மீ. 10 விநாடிக் கருவியில் ஒரு டிகிரி மாறினால் குண்டு 6 மி.மீ. நகரும். 20 விநாடியில் 2.5 செ.மீ. 5 விநாடியில் 1.5 மி.மீ.தான். அலைவு நேரத்தை நீட்டுவது வெப்பத்துக்கு உணர்ச்சியையும் சேர்த்து நீட்டுவதுதான், ஒன்றைவிட்டு ஒன்றில்லை.

கொடைக்கானலில் ஜனவரியில் பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஊட்டியில் புல்லில் உறைபனி படியும் காலை நேரங்களில் இன்னும் மோசம். தகர ஷெட்டில் வைக்கவே கூடாது. தரைக்குக் கீழே, கனமான சுவருக்குள், ஜன்னல் இல்லாத அறை பாருங்கள். கருவியைச் சுற்றி தெர்மோகோல் பெட்டி, அதற்கு மேல் இன்னொரு பெட்டி, இடையில் பழைய கம்பளி. என் பெட்டியில் வெளியே பத்து டிகிரி மாறினால் உள்ளே அரை டிகிரிக்கும் குறைவாகத்தான் மாறுகிறது, அதுவும் பல மணி நேரம் கழித்து.

இன்னொரு வழியும் உண்டு. பெட்டியின் மேல்மூடிக்கு உள்புறம் ஓரிரு வாட் மட்டும் சூடு தரும் மின்தடை ஒன்றை வையுங்கள். மேலே இளஞ்சூடு, கீழே குளிர் என்றிருந்தால் உள்ளே காற்று சுழலாமல் அடுக்கடுக்காக நிற்கும். அடியில் சூடு வைத்தால் காற்று மேலெழும்பிக் கையை அசைத்துக்கொண்டே இருக்கும்.

வெப்பத்துக்கு மசியாத எலின்வார் என்ற உலோகக் கலவையைக் கண்டவர் சார்ல் எதுவார் கியோம். நிக்கல் எஃகு ஆய்வுகளுக்காக 1920-ல் இயற்பியல் நோபல் பெற்றார். ஆய்வு நிலையக் கருவிகளில் அந்த இனத்து உலோகங்களைப் பார்க்கலாம். வீட்டுக்குப் பெட்டியைப் பலப்படுத்துவதே மலிவு.

வெப்பம் மாறாமலும் கை மெல்ல மெல்ல இறங்குகிறதே?

புது ஸ்பிரிங்கின் தொய்வு. முதல் வாரம் அதிகம், பிறகு குறைந்துகொண்டே வரும். மாட்டுவதற்கு முன் இரண்டு வாரம், வேலை செய்யும்போது இருக்கப்போகும் நீளத்துக்கு இழுத்துத் தொங்கவிட்டு வையுங்கள். ஒருமுறை அளவுக்கு மீறி இழுத்துவிட்டால் அந்த ஸ்பிரிங்கை மறந்துவிடுங்கள்.

பனிமூட்டத்தில் துரு பிடிக்கிறது. பெயிண்ட் அடிக்கலாமா?

வேண்டாம். பெயிண்ட் வளையங்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு விட்டுவிட்டுப் பிரியும், அது பதிவில் திடீர் வெட்டுகளாக விழும். மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும்.

யாரோ கதவைச் சாத்தினால்கூட விழுகிறது. அதிர்வா?

பெரும்பாலும் காற்றழுத்தம். பெட்டியின் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைத்தால் நின்றுவிடும்.

ஸ்பிரிங் மட்டும் தனியாகத் துடிக்கிறது. இது கோளாறா?

கோளாறில்லை, ஸ்பிரிங்குக்குச் சொந்த எடை இருக்கிறது. வீணைத் தந்திபோல அதற்கும் தன் சுருதி உண்டு. வேகமான அதிர்வு வந்தால் அந்தச் சுருதியில் துடித்து, பதிவில் மெல்லிய ரோமம்போலத் தெரியும். மிருதுவான பஞ்சுத் துண்டு ஒன்றை ஸ்பிரிங்கின் உள்ளே தளர்வாக நுழைத்து வைத்தால் அடங்கும். இறுக்கமாக வைத்துவிடாதீர்கள், ஸ்பிரிங்கின் நேர்த்தி போய்விடும்.

குண்டு ஆடிக்கொண்டே இருப்பது வேறு சங்கதி. அதற்கு கையில் ஒரு செப்புத் தகட்டைப் பொருத்தி, வலுவான காந்தங்களுக்கு நடுவே தொடாமல் நகரவிட வேண்டும். லேசாகத் தட்டினால் ஒருமுறை மட்டும் சற்றுத் தாண்டிப் போய் நின்றுவிட வேண்டும், அதுதான் சரியான தணிப்பு.

எங்கே வைப்பது? தோட்டத்து ஷெட் போதுமா?

பாறை தேடுங்கள். நீலகிரியும் பழனி மலையும் அடியில் சார்னோகைட் பாறை. நில அதிர்வுமானிக்கு அதைவிட நல்ல தரை அமைவது கஷ்டம். ஆனால் மேலே பல அடி ஆழத்துக்குச் செம்மண் மூடியிருக்கும், அது மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து சாயும். பாறை வெளியே தெரிகிற இடமாக இருந்தால் நேராக அதன்மேலேயே சிறு சிமென்ட் மேடை போட்டு, வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் விடுங்கள். பெரிய மரங்களிலிருந்து விலகியிருப்பது நல்லது, காற்றில் மரம் ஆடினால் வேர் பிடித்த தரையே ஆடும்.

நிலநடுக்கம் இல்லாத நாளில் திரையில் என்ன தெரியும்?

கடல் தெரியும். இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. கடல் அலைகள் ஒன்றோடொன்று மோதி அடித்தரையை அழுத்துவதால் 4 முதல் 8 விநாடி அலைவு கொண்ட ஒரு முனகல் எப்போதும் நிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் ஜூன், ஜூலையில் கோடு தடிமனாகிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் மெலியும். உங்கள் ஸ்பிரிங் 5 விநாடியைத் தாண்டி நன்றாக வேலை செய்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல வழியில்லை. கடல் தெரிந்தால் கருவி உயிரோடு இருக்கிறது.

பகலில் பேருந்துகள், மே மாத சீசனில் விடிய விடிய கார்கள், அவை வேகமான ரோமக் கோடுகளாக வரும். இரவு இரண்டு மணிக்கு மேல் எல்லாம் அடங்கும். சில இரவுகளில், அந்த அமைதியில், நான்கைந்து விநாடிக்கு ஒருமுறை சின்னச் சின்னப் புடைப்புகள் வரிசையாகப் பெரிதாகி, அப்புறம் சிறிதாகித் தேயும். காலையில் வேலி ஓரம் போய்ப் பார்த்தால் ஈர மண்ணில் காட்டுமாட்டுக் குளம்பு பதிந்திருக்கும்.